ஓட்டோ கூரையில் போன தூண்டில்கம்பு

எங்கள் வீட்டில் ஒன்பது அடி நீளமான ஒரு பொருளை வைக்க ஒரே ஒரு சுவர்தான் இருக்கிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையது நடுவில். முன்னறை பத்தடி. அந்தச் சுவரில் அண்ணன் மூன்று ஆணி அடித்து, ஆணிகளுக்குப் பழைய பனியன் துணி சுற்றி, அதன் மேல் தூண்டில்கம்பைப் படுக்க வைத்திருந்தான். அதற்குக் கீழே அம்மாவின் கட்டில். அம்மா எழும்பும்போதெல்லாம் கொண்டை கம்பில் தட்டும்.

"ஒரு நாளைக்கு இத முறிச்சு அடுப்புல வைக்கிறேனா இல்லயான்னு பாரு" என்பார்.

"வச்சாலும் ஒரு தேத்தண்ணி கொதிக்காதும்மா" என்பான் அண்ணன்.

உண்மைதான். பிடியில் தக்கை. அதற்கு மேலே என் சுண்டுவிரல் அளவு தடிப்பு. நுனிக்குப் போகப் போகக் கொத்தமல்லித் தண்டை விட மெல்லிசு. கறுப்பு நிறம். நாலு துண்டாகக் கழட்டலாம். கழட்டினால் குடையை விடக் கொஞ்சம் நீளமான ஓர் அலுமினியக் குழாய்க்குள் போய்விடும். அந்தக் குழாய் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

கம்பு எங்களுடையது இல்லை, துரையுடையது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு எந்த வெள்ளைக்காரரும் துரைதான். அம்மா சொல்லிச் சொல்லி எனக்கும் அவர் துரையாகிவிட்டார். அண்ணன் மட்டும் அவரை சேர் என்பான். அண்ணன் வெள்ளவத்தைக்காரர் ஒருவரின் வேனைச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டினான். துரை வருடத்துக்கு ஒரு தடவை வருவார். வயதானவர், தனியாள். இரண்டு கிழமை, பதினாலு நாள், மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பார். புழு போட மாட்டார். கொக்கியில் நூலும் இறகும் சுற்றி ஒரு பூச்சி மாதிரி செய்து, அதைக் காற்றில் வீசி வீசித் தண்ணீர் மேல் வைப்பார். மீன் கடித்தால் கையில் எடுத்துப் பார்ப்பார். பிறகு திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்.

இதைக் கேட்ட அன்று அம்மா அடுப்படியிலிருந்து எழும்பி வந்தார். "விட்டுர்றதுக்கா அம்புட்டுத் தூரம் போறீங்க? கெணத்துக்குள்ள வாளிய விட்டு வெளிய எடுக்கிற மாதிரியில்ல இருக்கு. வாளியிலயாவது தண்ணி வரும்."

அண்ணன் அன்று முழுக்கச் சிரித்தான். அடுத்த நாள் துரைக்கும் அதைச் சொல்லியிருக்கிறான்.

துரை காலையில் ஓர் ஓடையில் நிற்பார். பத்து மணிக்கு வெயில் ஏறினால் இன்னோர் ஓடைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பைக் கழட்டி, நூலைச் சுற்றி, போய் இறங்கித் திரும்பப் பூட்டி, வளையம் வளையமாக நூலைக் கோத்து, பூச்சியை முடிந்து முடிக்க அரை மணித்தியாலம் போய்விடும். துரைக்கு விரல் நடுங்கும். அண்ணன் முதலில் கம்பைக் கழட்டாமல் வேனுக்குள்ளேயே சாய்த்து வைத்துப் பார்த்தான். கதவைச் சாத்தும்போது நுனி ஒரு மயிரிழையில் தப்பியது. அப்போது துரை போனில் ஒரு படம் காட்டினாராம். அவருடைய ஊரில் பூட்டின கம்பைப் பூட்டினபடியே கொண்டு போக வாகனக் கூரையில் குழாய் பூட்டுகிறார்கள். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன பெரிய வேலை, அடுத்த வருடம் வாங்க, பூட்டி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

தண்ணீர்க் குழாய் வேலைக்கு வாங்குகிற பிவிசி பைப்தான். நீளமான பைப் ஒன்றை வேன் கூரைக் கம்பியில் கட்டி, பின்பக்கம் தூண்டில் நூல் சுற்றும் சக்கரம் உட்காரத் தடித்த பைப்பில் ஒரு துண்டை ஒட்டி, அதற்கு மூடியும் வைத்தான். கம்பின் நுனி முன்பக்கமாகப் போகும். கைப்பிடியும் நூல் சக்கரமும் பின்னால் இருக்கும். உள்ளே கம்பு அடிபடாமல் இருக்கத் துணி உறை வேண்டும் என்று என்னிடம் வந்தான்.

நான் வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையலுக்கு வந்தவள். சட்டை லைனிங் துணியில் ஒன்பது அடிக்கு ஓர் உறை தைத்தேன். கடை ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர். மெஷினுக்கு அந்தப் பக்கம் துணி தரையில் நீண்டு கிடப்பதைப் பார்த்து, "என்ன பிள்ளை, பாம்புக்குச் சட்டை தைக்கிறியோ?" என்று கேட்டார். அந்த முதல் உறை பிழையாகிவிட்டது. வழக்கம்போல் தைத்துப் புரட்டியதால் தையல் ஓரம் உள்ளே போய், கம்பின் வளையங்கள் அதில் மாட்டின. இரண்டாவதைப் புரட்டாமல் விட்டேன். வழுவழுப்பான பக்கம் உள்ளே, தையல் வெளியே. கம்பு தண்ணீரில் போவது மாதிரிப் போனது. துரை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தது யார் என்று கேட்டாராம். தங்கச்சி என்றானாம் அண்ணன். அதை அண்ணன் வந்து சொன்ன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் தையலைப் பற்றி யாரும் அதுவரை கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துரை முதல் வருடம் வந்தபோது மலைநாட்டு ரோட்டோரம் வரிசையாக வெள்ளைக் கொடி கட்டியிருப்பதைப் பார்த்துத் திருவிழா என்று நினைத்திருக்கிறார். அண்ணன் வேனை மெதுவாக்கி, இது சாவு வீட்டுக் கொடி என்று விளங்கப்படுத்தினான். அன்றிலிருந்து எங்கே வெள்ளைக் கொடி கண்டாலும் துரை தொப்பியைக் கழட்டி மடியில் வைத்துக்கொள்வாராம். கொடி எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பப் போடுவாராம்.

கடைசியாக வந்து போனபோது துரை கம்பை அண்ணனிடம் விட்டுப் போனார். ஒரு தடவை விமானத்தில் அது தொலைந்து, பிறகு கிடைத்திருக்கிறது. அதோடு, இது இங்கே இருந்தால் நான் திரும்பி வந்துதானே ஆக வேண்டும் என்றாராம். அண்ணன் நெஞ்சில் கை வைத்து, "ஐ லுக் ஆஃப்டர், சேர்" என்றானாம். இதை எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். ஆனால் எங்கள் லேனில் வேறு கதை சொல்லியிருந்தான். சேர் கம்பைத் தனக்கே தந்துவிட்டதாக. அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அண்ணனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருந்தது?

வீசிப் பழகு என்று துரை சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் லேனில் நின்று வீசுவான். கொக்கி இல்லாமல், நுனியில் சிவப்புக் கம்பளி நூல் முடிந்து, எட்டத்தில் வைத்த ஜாம் போத்தல் மூடியைக் குறிபார்ப்பான். முதல் மாதத்தில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த பெட்சீட்டைத்தான் பிடித்தான். அதன் பிறகு மூடியின் மேல் கம்பளி நூல் சத்தமில்லாமல் போய் உட்காரும். வீசி முடித்தால் கம்பைக் கழட்டி வைக்க வேண்டும். அவன் கழட்ட மாட்டான். அடிக்கடி கழட்டிப் பூட்டினால் மூட்டு லூசாகும் என்பான். சோம்பல்தான். கடைசி ஞாயிறும் அப்படியே பூட்டினபடி சுவரில் வைத்தான்.

திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நெருப்பாகக் கொதித்தது. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. "பாத்தியா, போயிருச்சு" என்று எழும்பி உட்கார்ந்து இரண்டு பாண் துண்டு சாப்பிட்டான். நான் சந்தோஷப்பட்டு வேலைக்குப் போனேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பின்னேரம் நான் வந்தபோது அவன் கை ஐஸ் மாதிரி இருந்தது. வயிறு நோகிறது என்றான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். அவ்வளவுதான். இருபத்தெட்டு வயது.

சாவு வீட்டில் நான் எதையும் பார்க்கவில்லை. கட்டிலை வெளியே போட்டுவிட்டு முன்னறையில் அண்ணனை வைத்திருந்தார்கள். நான் அவன் கால்மாட்டில் சுவரில் சாய்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாமித் தட்டில் தூண்டில் சக்கரம் இருந்ததைக் கண்டேன். யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்தது. அண்ணனின் போனை நான் சார்ஜ் போட்டே வைத்திருந்தேன். அம்மா பார்த்தால் அழுவார் என்று தலையணை உறைக்குள் வைத்து சார்ஜ் போடுவேன். கருமாதி கழிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது சத்தம் போட்டது. துரையின் மெசேஜ். இங்கிலிஷில் நாலைந்து வரி. எனக்கு வியாழக்கிழமை என்ற சொல்லும் கம்பு என்ற சொல்லும் விளங்கின. மேலே தள்ளிப் பார்த்தேன். துரை எவ்வளவு நீளமாக எழுதினாலும் அண்ணனின் பதில் ஒன்றுதான். ஓகே சேர். பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். வருடக் கணக்காக அதே ஓகே சேர்.

நானும் அதையே போட்டேன். ஓகே சேர், கட்டைவிரல். யோசித்துச் செய்யவில்லை. விரல் தானாகப் போனது. உடனே துரையிடமிருந்து சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

அண்ணன் போனதிலிருந்து நிமிர்ந்து பார்க்காத சுவரை அப்போதுதான் பார்த்தேன். மூன்று ஆணியும் வெறுமையாக இருந்தன.

அம்மாவிடம் கேட்டால் பயந்துவிடுவார். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், அலுமினியக் குழாய் மட்டும் இருந்தது. வெளியே ஓடினேன். லேன் வாசலில் அண்ணனின் கூட்டாளி ஓட்டோவை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள். அவருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்கப் போனவள், ஓட்டோவுக்குப் பின்னால் காற்றில் ஏதோ ஆடுவதைக் கண்டு நிமிர்ந்தேன். மற்ற வெள்ளைக் கொடிகளை எல்லாம் எப்போதோ கழட்டிவிட்டார்கள். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. ஓட்டைக் கல்லுக்குள் நட்டு, சுற்றிச் செங்கல் துண்டு இறுக்கிய ஒரு கறுப்புக் கம்பு. நுனியில் வெள்ளைத் துணி. காற்று வந்தால் தலையைக் குனிந்து நிமிர்ந்தது. நான் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன்.

"அண்ணே, இது எங்க எடுத்தது?"

"ஒங்க வீட்டுச் செவுத்துலதான்." அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எல்லாருக்கும் மூங்கில்ல கட்டுறோம். அவனுக்கு அவன் கம்புலயே கட்டணும்னு தோணுச்சு. சக்கரத்த மட்டும் பத்திரமா சாமிகிட்ட வச்சேன்."

"அது அண்ணனோடது இல்ல."

"என்னா?"

"தொரையோடது. பாத்துக்கிறேன்னு சொல்லி வாங்கி வச்சிருந்துச்சு. வியாழக்கெழம வர்றாரு. கம்பு கேட்டு மெசேஜ் போட்டிருக்காரு."

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கம்பைப் பார்த்தார். பிறகு ஓட்டோ சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு காற்றில் ஆடியது, விழுந்துவிடும் என்று பயமாக இருந்தது என்றார். அதனால் சுப்பர் குளூ ஊற்றியதாகச் சொன்னார்.

"எந்த மூட்டுல அண்ணே?"

"எல்லாத்துலயும்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கொடி முடிச்சுலயும் ஊத்துனேன் தங்கச்சி. அவிழ்ந்துரக் கூடாதுன்னு."

கம்பைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தக்கைப் பிடியில் கல் கீறியிருந்தது. மூன்று மூட்டும் கல்லாக இறுகியிருந்தன. சுடுதண்ணீரில் துணி நனைத்துச் சுற்றிப் பார்த்தேன். தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தேன். இழுக்க இழுக்க எண்ணெயில் கைதான் வழுக்கியது. ஊர் உலகம் எல்லாம் சுற்றிய கம்பு, இனி ஒன்பது அடியாகவே கிடக்கும். நுனித் துணியை வெட்டவும் முடியவில்லை. பசையில் ஊறி நுனியோடு ஒன்றாகியிருந்தது. பிளேட் வைத்தால் நுனி போய்விடும்.

அடுத்த நாள் கடை ஆன்ட்டியிடம் மெசேஜைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி வாசித்துச் சொன்னார். வியாழக்கிழமை வருகிறேன், வெள்ளவத்தையில் வழக்கமான இடத்தில்தான் நிற்பேன். என் கம்பைக் கொண்டு வா. ஜாம் மூடியை இப்போது எத்தனை தடவை அடிக்கிறாய்? வாசித்த பிறகு அதற்குக் கீழே நான் போட்டிருந்ததையும் பார்த்தார்.

"ஆர் இந்த ஓகே போட்டது?"

"நான்தான் ஆன்ட்டி."

"நீ என்னத்துக்குப் பிள்ளை போட்டனீ? அந்த மனுசன் அவன் இருக்கிறானெண்டெல்லோ நினைச்சுக்கொண்டு வருது. இப்பவே எழுதித் தாறன், அனுப்பு."

நான் போனை வாங்கிக்கொண்டேன். நேரில் சொல்கிறேன் என்றேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே சொல்கிறேன். உலகத்தில் ஓர் ஆளுக்கு என் அண்ணன் இன்னும் உயிரோடு இருந்தான். எங்கேயோ ஓர் ஊரில் ஒருவர் பெட்டி அடுக்கிக்கொண்டே, அந்தப் பையன் வருவான், கம்பைக் கொண்டு வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை இன்னொரு மெசேஜ் வந்தது. அதற்கும் ஓகே சேர் போட்டேன். அது விரல் தானாகச் செய்ததில்லை. தெரிந்தே செய்தேன்.

ஆனால் கம்பை முழுசாகக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். அண்ணன் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வேன் சொந்தக்காரரிடம் திரும்பிப் போய்விட்டது, கூரைப் பைப்பும் அதோடு போய்விட்டது. பஸ்ஸில் ஏற்ற முடியாது. கூட்டாளி அண்ணன்தான் ஓட்டோ கூரையில் கட்டலாம் என்றார். ஓட்டோவின் நீளம் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம்தான் வெளியே நிற்கும்.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் ஓர் உறை தைத்தேன். வழுவழுப்பான பக்கம் உள்ளே, தையல் வெளியே. ஆன்ட்டி இந்த முறை பகிடி ஒன்றும் விடவில்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம் போய்த் துணியின் மறுமுனையை நேராகப் பிடித்துக்கொண்டார். தைத்து முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசியில் இங்கிலிஷில் ஒரு வரி எழுதித் தந்து, என்னை ஐந்து தடவை சொல்ல வைத்தார். என் அண்ணன் காலமாகிவிட்டார் ஐயா. அதுதான் அந்த வரி. ஐந்து தடவையும் சரியாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு லேன் வாசலில் வைத்துக் கட்டினோம். ஓட்டோ கூரை ரெக்சின், நடுவில் பாரம் வைத்தால் குழியும். அதனால் சட்டக் கம்பிகள் இருக்கிற மூன்று இடத்தில் பஞ்சு அடைத்துத் தைத்த சின்னத் தலையணைகளை வைத்து, அவற்றின் மேல் கம்பைப் படுக்க வைத்து, சைக்கிள் டியூப்பை வெட்டிய பட்டியால் கட்டினோம். கைப்பிடி முன்பக்கம். நுனி பின்னால் ஒன்றரைச் சாண் நீட்டிக்கொண்டு நின்றது. துணி ஒட்டியிருந்ததால் நுனி மட்டும் உறைக்கு வெளியே. அம்மா படியில் நின்று பார்த்தார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று அம்மாவை அந்தப் படியைத் தாண்ட விடவில்லை. இன்றைக்கு லேன் வாசல் வரைக்கும் வந்தார். "பாத்து ஓட்டுப்பா, அடிபட்டுரும்" என்றார். கம்புக்குத்தான் சொன்னார். அதன் பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அலுமினியக் குழாயை என் மடியில் வைத்திருந்தேன். அதற்குள் இனி எதுவும் போகாது. இருந்தாலும் அதுவும் துரையுடையதுதானே. சக்கரமும் ஒரு பையில் இருந்தது.

கூட்டாளி அண்ணன் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் நான் வெளியே தலையை நீட்டி மேலே பார்த்தேன். கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். நீட்டிக்கொண்டு நிற்கிற சாமானுக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும்.

"மல்லி, ரத்து ரெத்த கோ?" என்று கேட்டார். தம்பி, சிவப்புத் துணி எங்கே.

கூட்டாளி அண்ணன் இறங்கிச் சிங்களத்தில் பதில் சொன்னார். முதலில் அய்யே, அய்யே என்று அண்ணன் முறை வைத்து ஒரு பொய்யைத் தொடங்கினார். பாதியில் அது வரவில்லை. என்னைக் காட்டினார், கம்பைக் காட்டினார். எனக்கு நங்கி, தங்கச்சி, என்ற சொல் மட்டும் கேட்டது. பொலிஸ்காரர் பின்னால் போய் அந்தத் துணியைப் பார்த்தார். தொடவில்லை. சிவப்புத் துணி ஒன்று வாங்கிப் பக்கத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னார், மெதுவாகப் போகச் சொன்னார், போக விட்டார். சிவப்புத் துணி நாங்கள் வாங்கவில்லை. என் கைக்குட்டை ரோஸ் நிறம், அதைக் கட்டினோம்.

அங்கேயிருந்து கடற்கரை ரோட்டில் இறங்கினோம். கடல் காற்றில் வெள்ளைத் துணி படபடவென்று அடித்தது. ஓட்டோவுக்குள் இருந்தே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. நான் ஆன்ட்டி சொல்லித் தந்த வரியைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரயில் ஒன்று பக்கத்தில் போனபோது சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

துரை தங்கும் இடம் வெள்ளவத்தையில் கடலோரம் ஒரு லேனில். ஓட்டோ நின்ற சத்தத்துக்கே கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். தலையில் அண்ணன் சொன்ன அதே தொப்பி. கூரையில் கட்டியிருந்த உறையை முதலில் கண்டார். கையைத் தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். வேன் கூரையை விட்டு ஓட்டோ கூரைக்கு வந்துவிட்டாயா என்பது மாதிரி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார். அங்கே அண்ணன் இல்லை. பின்சீட்டைப் பார்த்தார். நான் இறங்கினேன். அவர் என்னைத் தாண்டி, அண்ணன் ஒளிந்து நிற்கிறானோ என்று பார்க்கிற மாதிரி ஓட்டோவுக்குப் பின்பக்கம் போனார்.

அங்கேயே நின்றுவிட்டார்.

கொஞ்ச நேரம் அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு கை மெதுவாக மேலே போய்த் தொப்பியைக் கழட்டியது.

அவர் என்னைப் பார்த்தபோது நான் வாயைத் திறந்தேன். ஐந்து தடவை சரியாகச் சொன்ன வரி, ரயிலோடு சேர்த்துச் சொன்ன வரி, எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஓகே சேர்" என்றேன். அது மட்டும்தான் வந்தது. வெட்கமாக இருந்தது, திரும்பவும் அதுவே வந்தது. "ஓகே சேர்."

துரை பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கேட் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கூட்டாளி அண்ணனிடம், "நான்தான் போட்டேன்னு சொல்லுங்க அண்ணே, பிழைதான்னு சொல்லுங்க" என்றேன். அவர் கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் ஓட்டோ ஓட்டி இங்கிலிஷ் பழகியவர். எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சலைச் சொன்னார். கொடியைச் சொன்னார். பசை ஊற்றியதைச் சொல்லும்போது தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். துரை அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

பிறகு எழும்பிக் கம்பை இறக்கச் சொன்னார். உறையிலிருந்து அவரே உருவினார். வளையம் வளையமாக விரலை வைத்துப் பார்த்தார். ஒரு மூட்டைப் பிடித்து மெதுவாக ஒரு தடவை இழுத்தார். வரவில்லை. அதற்கு மேல் இழுக்கவில்லை. ஒரு வளையத்தைச் சுற்றியிருந்த நூல் மழையில் விட்டுப்போயிருந்தது. அதை என்னிடம் காட்டி, விரலால் சுற்றுகிற மாதிரிச் செய்தார். கடைக்குப் போய்க் கறுப்பு நூல் எடுத்து வந்து அந்தப் படியிலேயே இருந்து சுற்றிக் கொடுத்தேன். அவர் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றச் சுற்ற அவர் அதை மெல்ல உருட்டிக் கொடுத்தார்.

துரை அந்த வருடமும் மலைநாட்டுக்குப் போனார். அதே வேன்தான் வேண்டும் என்று கேட்டு எடுத்தார். வேறு ஒரு டிரைவர். வெள்ளிக்கிழமை காலையில் கடை வாசலில் நின்று பார்த்தேன். காலி வீதி சிக்னலில் வேன் நின்றது. கூரையில் அண்ணன் கட்டிய பைப், பின்னால் மூடி. வெள்ளைத் துணியைத் துரை வெட்டவில்லை, அதோடுதான் கம்பு உள்ளே போயிருந்தது. சிக்னல் மாறியதும் வேன் போனது. நான் டிரைவர் பக்கம் பார்க்கவில்லை. கூரையை மட்டும் பார்த்தேன்.

இரண்டு கிழமையில் துரை திரும்பி வந்து கூட்டாளி அண்ணனின் ஓட்டோவில் எங்கள் வீட்டுக்கே வந்தார், கம்பு கூரையில். ஒன்பது அடியை விமானத்தில் கொண்டு போக முடியாது. அவரே அம்மாவின் கட்டிலில் முழங்காலை ஊன்றி ஏறிக் கம்பை ஆணிகளில் வைத்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, எத்தனை மீன் பிடிச்சீங்க, எல்லாத்தயும் விட்டுட்டீங்களா என்று கேட்டார். கூட்டாளி அண்ணன் மொழிபெயர்த்தார். துரை சிரித்துக்கொண்டே தண்ணீர் வாளி ஒன்றை மேலே இழுக்கிற மாதிரிக் கையால் காட்டினார். அம்மாவுக்கு விளங்கியது. எனக்கும் விளங்கியது. அண்ணன் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அம்மா சிரிக்கத் தொடங்கி அழுதார்.

அம்மா இப்போதும் எழும்பும்போது கொண்டை தட்டுகிறது. இப்போதும் முறித்து அடுப்பில் வைப்பேன் என்கிறார். தேத்தண்ணி கொதிக்காது என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

போன கிழமை அண்ணனின் போனுக்குத் துரையின் மெசேஜ் வந்தது. இந்த முறை ஆன்ட்டி தேவைப்படவில்லை. நாலே நாலு சொல், எனக்காகவே சின்னதாக எழுதியிருந்தார். கம்பு சுவரில் நன்றாக இருக்கிறதா என்று. நான் படம் எடுத்து அனுப்பினேன். கட்டிலும் தெரிந்தது, அம்மாவின் தலையும் பாதி தெரிந்தது. அதற்குக் கீழே ஓகே சேர் என்று போட்டேன். யார் போட்டது என்று இந்த முறை அவருக்குத் தெரியும்.